சின்ன உளுக்குதான்

இந்த ஊர்க்காரர்களின் ஒரு பழக்கம் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஒமானில் சோஹார் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றின் அவசரப் பிரிவில் ஆறு வருடமாக நர்ஸாக இருக்கிறேன். கால் ஒடிந்து சக்கர நாற்காலியில் வருகிற ஆளிடம் நலம் கேட்டால், "அல்ஹம்துலில்லா, நல்லா இருக்கேன்" என்பார். பதிலுக்கு என் நலம், என் வீட்டார் நலம், பிள்ளைகள் நலம் எல்லாம் நிதானமாக விசாரிப்பார். அந்த மரியாதையெல்லாம் முடிந்த பிறகு, வலி பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று கேட்டால் கொஞ்சம் யோசித்து "ஏழு" என்பார். ஏழு என்றால் ஏழுதான். ஆறுமில்லை, எட்டுமில்லை. நம்மூர்க்காரரிடம் இதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். போன வருடம் கருங்கல் பக்கத்து ஆள் ஒருவர், கட்டட வேலைக்கு வந்தவர், இரண்டு விரல் நசுங்கி வந்தார். எவ்வளவு வலிக்கிறது என்று நான் தமிழிலேயே கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணுமில்ல சிஸ்டரே. வீட்டுக்கு மட்டும் போன் பண்ணிராதீங்க" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் கேட்டு வளர்ந்த பதில் அது. எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில், மணவாளக்குறிச்சிக்கும் குளச்சலுக்கும் நடுவில். தெருவில் இரண்டு வீடு தாண்டினால் மூன்றாவது வீட்டில் யாராவது ஒருவர் வெளிநாட்டில் இருப்பார். அப்படி இருப்பவருக்குக் கெட்ட சேதியை முழுதாகச் சொல்லக் கூடாது என்பது எங்கள் பக்கத்தில் எழுதி வைக்காத சட்டம். பாவம், அங்கே தனியாகக் கிடக்கிறார், கேட்டுப் பதறி என்ன செய்வார், உடனே ஓடி வரவா முடியும் என்று நினைத்து, சேதியைப் பாதியாக்கி, அதிலும் கொஞ்சம் சீனி தடவி அனுப்புவார்கள். அன்பினால்தான் செய்கிறார்கள், சந்தேகமே இல்லை. ஆனால் வாங்கிக்கொள்கிற நாங்கள் முட்டாள்கள் இல்லையே. அவர்கள் குறைத்ததை நாங்கள் கூட்டிக்கொள்வோம். 'லேசா காய்ச்சல்' என்றால் ஆஸ்பத்திரியில் படுக்கையில் சேர்த்தாகிவிட்டது. 'ஆஸ்பத்திரியில காட்டினோம்' என்றால் ஐ.சி.யூ. 'லீவு கெடச்சா ஒருதடவ வந்துட்டுப் போ' என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை, அழுதுகொண்டே பெட்டி கட்ட வேண்டியதுதான்.

எனக்கு அந்தக் கடைசி வாக்கியம் வந்தபோது நான் வெளிநாட்டுக்குப் புதுசு. இந்தக் கூட்டல் கணக்கு தெரியாது. சித்தப்பா கூப்பிட்டு, "அப்பாவுக்கு லேசா நெஞ்சு வலி மக்கா. மனசப் போட்டு ஒழப்பாண்டாம். லீவு கெடச்சா ஒருதடவ வந்துட்டுப் போ" என்றார். லேசா என்று சொன்னதை நான் அப்படியே நம்பினேன். அப்பாவுக்கென்று ரத்த அழுத்தம் பார்க்கிற கருவியும், சீனி போடாத பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு விமானம் ஏறினேன். திருவனந்தபுரத்திலிருந்து காரில் வரும்போது கூட்டிப்போக வந்த தம்பி களியக்காவிளை வரைக்கும் மழையைப் பற்றியே பேசினான். வீட்டுத் தெரு திரும்புகிற இடத்தில், சர்ச் மதில் சுவரில், என் கல்யாணத்தன்று எடுத்த படத்தோடு அப்பாவுக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருந்தது. மடியில் அந்தக் கருவி. எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. அந்தக் கோபம் இன்றுவரை முழுதாகத் தீரவில்லை.

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் போன வாரம் திங்கட்கிழமை. காலை ஆறேகாலுக்கு ஆஸ்பத்திரிப் பேருந்து எங்களை விடுதியிலிருந்து ஏற்றிக்கொள்ளும். ஊரில் அப்போது ஏழே முக்கால். ஆறு ஐம்பதுக்கு, அதாவது ஊரில் எட்டு இருபதுக்கு, என் மகள் அபிஷாவின் பள்ளி வேன் வீட்டு முன்னால் வந்து நிற்கும். மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். ஏழு மணிக்கு நான் போனை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு வேலையில் இறங்க வேண்டும். இடையில் கிடைக்கிற அந்த அரை மணி நேரம்தான் எனக்கும் அவளுக்கும். தலை சீவியாச்சா, சோற்றுப் பொட்டலம் எடுத்தாச்சா, நேற்று எழுதச் சொன்ன பாடத்தை எழுதினாயா என்று பேருந்துச் சன்னலோரம் உட்கார்ந்து அவளைப் பள்ளிக்கு அனுப்பி வைப்பேன்.

அன்றைக்கு அவள் முகம் திரை முழுக்க இருந்தது. வழக்கமாக ஓர் இடத்தில் நிற்கமாட்டாள், போனைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றுவாள். அன்று கட்டிலில் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை. பின்னாலிருந்து மயினியின் குரல் கேட்டது. என் கணவர் செல்வினின் அக்கா, பக்கத்து வீடு. "அந்த முறிவெண்ணெய எங்க வச்சிருக்கு? பிள்ளைக்கு ஒருக்கா தடவிட்டு அனுப்புலே" என்று தன் தம்பி செல்வினிடம் கேட்டார். முறிவெண்ணெய் எங்கள் பக்கத்தில் எலும்பு முறிவுக்கும் உளுக்குக்கும், அதாவது சுளுக்குக்கும், போடுகிற எண்ணெய்.

யாருக்கு எண்ணெய் என்று கேட்டேன். செல்வின் போனை வாங்கினார். குளச்சலில் பைக் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறவர், வண்டி சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவார், ஆனால் பொய் சொல்லத் தெரியாது. "ஒண்ணுமில்லட்டி, நேத்து சண்டே ஸ்கூல் முடிஞ்சு மதிலுமேலேந்து சாடியிருக்கா. நனஞ்சு கெடந்த தரை. சின்ன உளுக்குதான்" என்றார். நேற்று என்கிறார். நேற்று சாயங்காலம் நான் கூப்பிட்டபோது பிள்ளை அசந்து உறங்கிவிட்டாள் என்று சொன்னதும் இவர்தான். ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டதற்கு, சொல்கிற அளவுக்கு ஒன்றுமில்லை என்றார். சொல்கிற அளவுக்கு ஒன்றுமில்லை என்றால் என் கணக்கில் அது எவ்வளவு?

காலைக் காட்டச் சொன்னேன். காட்டினார்கள். இடது கணுக்கால், வெளிப்பக்கம் வீங்கியிருந்தது. ஆனால் சன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்ததால் நிறம் தெரியவில்லை. விளக்கைப் போடச் சொன்னேன். எலும்பின் பின்விளிம்பில் இப்படி அழுத்துங்கள், அங்கே இல்லை, அதற்கும் மேலே என்று, பேருந்தில் முன்வரிசை முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி உரக்கச் சொன்னேன். தினம் பத்துப் பேருக்கு என் கையால் செய்கிற சோதனை, என் மகளுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரரின் விரல் வழியாகச் செய்தேன். நான்கு அடி நடக்கச் சொன்னேன். நடந்தாள். முகம் கோணாமல், ஒரு சிரிப்போடு நடந்தாள். அந்தச் சிரிப்புதான் என்னைப் பயமுறுத்தியது. உளுக்கிய காலை ஊன்றுகிற எட்டு வயதுப் பிள்ளை எங்காவது சிரிக்குமா?

"வலிக்கா மக்கா?" என்றேன்.

"ஒண்ணுமில்லம்மா. சின்ன உளுக்குதான். நீ மனசப் போட்டு ஒழப்பாம டூட்டிக்குப் போ" என்றாள்.

சித்தப்பாவின் அதே வாக்கியம். அதே இழுப்பு. யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை, யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவும் வேண்டாம். வெளிநாட்டில் இருக்கிற ஆளிடம் எப்படிப் பேச வேண்டும் என்பதை அவள் எங்கள் வீட்டுக் காற்றிலிருந்தே படித்துக்கொண்டிருக்கிறாள். நான் அவளுக்கு அம்மா என்பதைவிட, ஒமானில் இருக்கிற ஆள்.

அவளுக்கு அன்று பள்ளிக்குப் போகக் காரணம் இருந்தது. வகுப்பில் சந்தை நாள். ஆளுக்கொரு பொருள் கொண்டுவந்து விற்க வேண்டும். அபிஷாவுக்கு மரச்சீனி. மற்ற ஊரில் மரவள்ளிக் கிழங்கு என்பார்கள். எங்கள் தோட்டத்திலிருந்தே நாலு மூடு கிழங்கு பிடுங்கி, மண் கழுவி, முந்தின நாளே சாக்கில் கட்டி வைத்திருந்தார்கள். ஒரு வாரமாக எனக்கு விலை கூவிக் காட்டிக்கொண்டிருந்தாள். செல்வினும் அதைத்தான் சொன்னார்: உட்கார்ந்து விற்கிற வேலைதானே, ஓட்டமா சாட்டமா, டீச்சரிடம் சொல்லி நாற்காலி போடச் சொல்கிறேன், பிள்ளை ஆசையாக இருக்கிறாள். எல்லாம் நியாயமான பேச்சு. வேறொருவர் பிள்ளையென்றால் நானே அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஒரு கிரேப் பேண்டேஜைச் சுற்றி, ஓடக் கூடாது என்று எழுதிக் கொடுத்து அனுப்பியிருப்பேன். ஆனால் நான் பார்த்தது திரையில் விரலளவு தெரிந்த ஒரு காலை. கேட்டது நம்ப முடியாத ஒரு வாக்கியத்தை. வேன் வர பத்து நிமிடம்.

அனுப்பக் கூடாது என்றேன். எண்ணெய் தடவக் கூடாது, கால் தரையில் படக் கூடாது, உடனே எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்றேன். அபிஷா பின்னால் அழ ஆரம்பித்தது கேட்டது. அந்த அழுகை மட்டும்தான் அன்று காலை எனக்குக் கிடைத்த கலப்பில்லாத பொருள். பேருந்து ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. நான் இறங்கும்போது செல்வின், "செரி, நீ சொன்னபடி செய்யுதேன். நீ போ" என்றார். போனைப் பூட்டி வைத்துவிட்டு உள்ளே போனேன்.

ஒரு மணி நேரம்கூடத் தாங்க முடியவில்லை. ஒரு நோயாளிக்கு ஊசி போட வேண்டிய மருந்தை இரண்டு தடவை சரிபார்த்தேன், மூன்றாவது தடவையும் நம்பிக்கை வரவில்லை. பொறுப்பு நர்ஸ் சுமையாவிடம் போய் ஐந்து நிமிடம் போன் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். சோஹாரிலேயே பிறந்து வளர்ந்தவள், என்னைவிட வயதில் சிறியவள், வேலையில் கண்டிப்பானவள். மகளுக்கு அடிபட்டிருக்கிறது என்றேன். சின்னதா பெரியதா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். சின்னது என்று சொல்கிறார்கள் என்றேன். "அல்ஹம்துலில்லா" என்று இறைவனுக்கு நன்றி சொல்லிவிட்டுக் கோப்பில் கையெழுத்துப் போடக் குனிந்துவிட்டாள்.

எனக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. இவளுக்கு நெஞ்சில் ஈரமே கிடையாதா என்று நினைத்தேன். நின்ற இடத்திலேயே நின்று, உடைந்த ஆங்கிலத்தில், எங்கள் ஊரில் சின்னது என்றால் சின்னது இல்லை, எங்களுக்கு எப்போதும் குறைத்துத்தான் சொல்வார்கள், என் அப்பா செத்ததைக்கூட லேசான வலி என்றுதான் சொன்னார்கள் என்று கொட்டினேன். சுமையா பேனாவைக் கீழே வைத்தாள். கேலியில்லாமல், உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டாள்:

"அப்படியென்றால் நிஜமாகவே சின்னதாக இருந்தால் உங்கள் ஊரில் என்ன சொல்வார்கள்?"

யோசித்துப் பார்த்தேன், அதற்கு எங்களிடம் சொல்லே மிச்சமில்லை. அதோடு அவள் விடவில்லை. போன மாதம் நீ வார்டில் வழுக்கி விழுந்து மணிக்கட்டில் விரிசல் வந்ததே, விபத்து அறிக்கை நான்தானே எழுதினேன், அதை வீட்டில் சொன்னாயா என்று கேட்டாள். சொல்லவில்லை. மூன்று வாரம் கைக்கட்டைத் திரைக்கு வெளியே வைத்தே பேசினேன். நான் மட்டும் என்ன யோக்கியம்? சுமையா மணியைப் பார்த்து, பத்து மணி இடைவேளையைப் பத்து நிமிடம் முன்னதாக எடுத்துக்கொள்ளச் சொன்னாள்.

போனைத் திறந்தபோது செல்வினின் செய்தி இருந்தது. 'பிள்ளை வீட்டுலதான் இருக்கா. உறங்குதா. சாயங்காலம் எக்ஸ்ரே எடுக்கலாம்.' உயிர் வந்தது. அப்படியே வகுப்புப் பெற்றோர் வாட்ஸாப் குழுவைத் திறந்தேன். டீச்சர் சந்தை நாள் படங்களைப் போட்டிருந்தார். ஆறாவது படத்தில் மரச்சீனிக் குவியலுக்குப் பின்னால் ஒரு நாற்காலியில் என் மகள். எதிரே ஒரு முக்காலி, அதன்மேல் துணி சுற்றிய இடது கால். ஒரு கையில் கிழங்கு, வாய் கூவுகிற மாதிரி திறந்திருந்தது.

கோபத்தில் கண் இருண்டது. பிறகு படத்தைப் பெரிதாக்கினேன். கால் விரல்கள் நல்ல நிறத்தில் இருந்தன. கட்டு இறுக்கமில்லாமல் ஒழுங்காகச் சுற்றியிருந்தது. வீக்கம் காலையில் பார்த்த அளவுதான். முகத்துக்கு வந்தேன். காலையில் நடந்தபோது காட்டிய சிரிப்பில்லை அது. யாருக்காகவும் போட்டுக்கொள்ளாத முகம். அன்றைக்கு என் மகளைப் பற்றி எனக்குக் கிடைத்த ஒரே உண்மையான சேதி, எனக்கென்று அனுப்பாத ஒரு படத்திலிருந்து கிடைத்தது. உளுக்கு நிஜமாகவே சின்னதுதான். அவர்கள் காலையிலிருந்தே உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறார்கள், நான் நம்பாமல் போனதால் பொய் சொல்ல வேண்டி வந்திருக்கிறது.

செல்வினைக் கூப்பிட்டு ஏசினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவ அழுத அழுக எனக்குத் தாங்கல்லட்டி. உனக்கும் டூட்டியில நிம்மதி வேணும். ரெண்டு பேருக்கும் வேற என்ன செய்யட்டும் நான்?" என்றார். அந்த மனிதரின் நிலைமை எனக்கு அப்போதுதான் உறைத்தது. நடுவில் நின்று இரண்டு பக்கமும் மருந்து கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

சாயங்காலம் எக்ஸ்ரே எடுத்து, எலும்பில் ஒன்றுமில்லை என்று அந்தப் படத்தையே எனக்கு அனுப்பினார்கள். பிறகு அபிஷாவைக் கூப்பிட்டேன். மரச்சீனி எல்லாம் விற்றுப்போனதைச் சொல்லத் துடித்துக்கொண்டிருந்தாள், நான் பள்ளிக்கூடப் பேச்சை எடுத்ததும் குரல் இறங்கிவிட்டது. நான் அவளிடம் என் மணிக்கட்டைக் காட்டினேன். விழுந்ததையும், விரிசலையும், மூன்று வாரம் ஒளித்ததையும் சொன்னேன்.

"அந்தக் கையோட டூட்டிக்குப் போனியா?"

"போனேன்."

"அப்ப நான் ஸ்கூலுக்குப் போனதுக்கு என்னத்துக்கு அப்பாவ ஏசுன?"

மன்னிப்புக் கேட்டேன். இனிமேல் இரண்டு பேரும் உள்ளதை உள்ளபடி சொல்லிக்கொள்வோம், சின்னது என்றால் சின்னது, பெருசு என்றால் பெருசு, நான் அழுதாலும் பரவாயில்லை என்று பேசி முடித்தோம். பெரிய காரியம் செய்துவிட்ட திருப்தியில் உறங்கினேன். வெளிநாட்டில் இருக்கிற பெற்றோர்களே, எல்லாரும் இப்படிச் செய்யுங்கள் என்று உங்களுக்கு எழுதுகிற எண்ணம்கூட அப்போது இருந்தது.

மறுநாள் காலை பேருந்தில் அழைப்பை எடுத்ததும் அவளே போனைக் காலுக்குத் திருப்பினாள். வீக்கம் கூடியிருந்தது. கணுக்காலுக்குக் கீழே நீலம் பாய்ந்திருந்தது. "இன்னைக்கி வலிக்கும்மா. நான் ஸ்கூலுக்குப் போகல்ல" என்றாள். இரண்டாம் நாள் அப்படித்தான் கன்றும், பயப்பட ஒன்றுமில்லை, தலையணைமேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு படுத்திரு, இன்றைக்குப் பள்ளி வேண்டாம் என்றேன். முதல் தடவையாக ஒரு கெட்ட சேதியை எதையும் கூட்டிக்கொள்ளாமல் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

"இன்னொண்ணும் உண்டும்மா. அது கால் இல்ல" என்றாள்.

சொல்லச் சொன்னேன்.

"நீ எப்ப வருவ?"

இந்தக் கேள்விக்கு நான் ஆறு வருடமாக ஒரே பதில்தான் வைத்திருக்கிறேன். சீக்கிரம் வந்துவிடுவேன் மக்கா. அதுவும் எங்கள் ஊர்ச் சரக்குதான், சுருக்கி, சீனி தடவியது. வாய்வரை வந்தது. அடுத்த லீவு மே மாதம் என்று கையெழுத்தாகியிருந்தது எனக்குத் தெரியும். விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன்.

"இன்னும் ஏழு மாசம்."

திரையில் காலும் தலையணையும்தான் தெரிந்தன. போனை அவள் முகத்துக்குத் திருப்பவில்லை. "அது பெருசும்மா" என்றாள்.

ஆமாம், பெருசுதான் என்றேன். வெளியே பள்ளி வேன் வந்து ஹார்ன் அடித்ததும், பிள்ளை இன்றைக்கு வரவில்லை என்று செல்வின் சொல்லி அனுப்பியதும் போனில் கேட்டது. இங்கே பேருந்து ஆஸ்பத்திரி வாசலில் நின்று எல்லாரும் இறங்கிவிட்டிருந்தார்கள். ஓட்டுநர் கதவைத் திறந்து வைத்தபடி கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்துகொள்ளவும் இல்லை, அழைப்பைத் துண்டிக்கவும் இல்லை.